நாலாம் நம்பர்

ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சென்னை க்ளினிக்கிலிருந்து நர்ஸ் உமா மகேஸ்வரி காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். தீவில், மின்னி பே அரசாங்கக் குவார்ட்டர்ஸில் கணவனும் மனைவியும் ஒரு காகிதத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை நீலாவதிக்கு மெயின்லேண்ட் விமானம்.

மூத்தவள் சித்ராவைத் தலசீமியாவுக்குப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். ஆறு வருஷம் மாதாமாதம் ரத்தம் ஏற்றியும் பிள்ளை தங்கவில்லை. இன்னொரு பிள்ளைக்கு அந்த நோய் வரக் கூடாது என்றுதான் கருவை லேபில் உண்டாக்கிச் சோதிக்கச் சொன்னார்கள். ஐந்து கருக்களில் இரண்டு தேறின. இரண்டாம் நம்பரும் நாலாம் நம்பரும். அதோடு நிறுத்தியிருக்கலாம். க்ளினிக்காரர்கள் கேட்காமலே இன்னொரு காகிதமும் அனுப்பிவைத்தார்கள். உயரம், நிறம், படிப்பு என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டிருந்தது.

நந்தகுமாருக்கு சிப்பிகாட் ஆட்டுப் பண்ணையில் இருபது வருஷ சர்வீஸ். எந்தக் குட்டியை வளர்ப்பது, எதைக் கழிப்பது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அதே கண்ணோடு இதையும் பார்த்தார். மனுஷன் பென்சிலை வேறு எடுத்துக்கொண்டார்.

“நாலுதான். உசரம், கலரு, மூளை எல்லாம் டீக், ஒரு குறையும் இல்ல. ரெண்டு குட்டை, கருப்பு, படிப்பும் சுமார். இதுல யோசிக்க என்ன இருக்கு நீலா?”

நீலாவதி குட்டை. கருப்பு. பத்தாவது பரீட்சையை இரண்டு தடவை எழுதியவள். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நோய் இல்லைன்னா போதும்னுதானே போனோம்? இப்ப என்னை மாதிரி இருக்கறதும் நோயாயிடுச்சா?”

“உன்னைச் சொல்லலம்மா. நல்லது இருக்கறப்ப எதுக்குக் குறைஞ்சதை...”

“பண்ணையில பெட்டை ஆடு வாய் திறக்காது. நான் திறப்பேங்க. சுமக்கப்போறவ நான். ரெண்டுதான்.”

சொல்லிவிட்டாளே தவிர பயமும் இருந்தது. நாளைக்கு அந்தப் பிள்ளை கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டால் இவர் வாய் சும்மா இருக்குமா?

போன் அடித்தது. அவள் எடுத்து, “ரெண்டாம் நம்பர், சிஸ்டர்” என்றாள். சாரும் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றாள் நர்ஸ். நந்தகுமார் போனை வாங்கிக்கொண்டு, காகிதத்தில் நாலாம் நம்பரைப் பென்சிலால் சுழித்தார். நீலாவதி அவர் முகத்தையே பார்த்தாள்.

“சரி, ரெண்டையே வைங்க” என்றார் கடைசியில். அவள் மூச்சு விடுவதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நாலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பத்திரமா ஃப்ரீசர்ல இருக்கட்டும்” என்றார்.

பிறக்கப்போகும் பிள்ளை காலமெல்லாம் யாரோடு போட்டி போட வேண்டியிருக்கும் என்று நீலாவதிக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.