மீன்தொட்டியில் மேல்மண்

என் கணவர் சிவப்பிரகாசம் ஓய்வு பெற்ற அன்று, சுரங்கத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் ஆளுயர மாலை போட்டு, வேன் வைத்து, குவார்ட்டர்ஸ் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். எல்லார் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். பாசக்காரப் பிள்ளைகள் என்று நானும் ஆளுக்கொரு டம்ளர் பாயசம் கொடுத்தேன். அந்தச் சந்தோஷத்துக்கு என்ன காரணம் என்பது ஒரே வாரத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

முதலில் அஞ்சறைப் பெட்டியில் கடுகும் வெந்தயமும் இடம் மாறின. அடுத்து, கொடியில் துணி காயப்போடும் முறையில் ஏகப்பட்ட குறைபாடுகள் கண்டுபிடிக்கப்பட்டன. நான் பொறுத்துக்கொண்டேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் இளவேனில், "அப்பாவுக்கு ஏதாவது ஹாபி பழக்கி விடும்மா" என்று போனில் சொன்னாள். "அவருக்கு ஹாபி நான்தான்டி" என்றேன்.

அவர் கை படாமல் மிச்சம் இருந்தது ஹாலில் ஜன்னலை ஒட்டியிருக்கும் மீன்தொட்டி ஒன்றுதான். இளவேனில் ஹாஸ்டலுக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகி, நான் வாங்கி வைத்தது. விரல் நீளம்கூட இல்லாத கப்பி மீன்கள், கொஞ்சம் செடி, அந்தச் செடியோடு ஒட்டிக்கொண்டு வந்து குடும்பம் பெருக்கிய நத்தைகள். இந்த வீட்டில் நான் சொன்னது நடக்கிற ஒரே இடம் அது. அதனாலேயே அதன்மேல் எனக்கு உயிர். அப்போது ஆரஞ்சு வால் மீன் ஒன்று வயிறு புடைத்து, இன்றோ நாளையோ என்று இருந்தது. கப்பி முட்டை போடாது, குட்டிதான் போடும். அதற்காக நான் தினமும் காபியை எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

இவருக்கோ நத்தைகளைக் கண்டாலே ஆகாது.

"எந்நேரமும் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு சும்மாவே இருக்குதே, இதுங்களுக்கு என்னதான் வேலை?"

"மிச்சத் தீனியைத் தின்னும், அழுகின இலையைத் தின்னும், கண்ணாடில படியற பாசியைத் தின்னும். நீங்க பாக்காதப்பவும் வேலை செய்யுதுங்க."

"அடியில கல்லெல்லாம் ஒரே அழுக்கா இருக்கே?"

அந்த அழுக்கில்தான் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன, மீனின் கழிவு விஷமாகாமல் அவைதான் பார்த்துக்கொள்கின்றன என்று பொறுமையாக விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம்.

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிரபாவதியின் தங்கை மகளுக்குத் திருவதிகைக் கோயிலில் கல்யாணம் வந்தது. பிரபாவதி முத்தாண்டிக்குப்பத்துக்காரி, கூப்பிட்டும் போகாவிட்டால் ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவாள். முந்தின நாளே நானும் பிரபாவதியும் கிளம்பினோம். வீட்டுக்கு ஒரு பொறுப்பான ஆள் வேண்டும் என்று இவர் தங்கிவிட்டார்.

"ஒரு சிட்டிகை தீனி. அவ்வளவுதான். வேற எதையும் தொடாதீங்க" என்றேன்.

"இது மாதிரி ஆயிரம் தொட்டித் தண்ணிக்குள்ள நின்னு வேலை வாங்கினவன் நான். எங்கிட்டயா சொல்ற?" என்றார். அப்போதே நான் கல்யாணத்தை மறந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது தொட்டி ஜொலித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவரில் இருந்த ஆணித் துளைகூடத் தெரிந்தது. கல்லையெல்லாம் அள்ளி, வெந்நீரில் கொதிக்கவைத்து, மொட்டை மாடியில் காயவைத்து மறுபடி பரப்பியிருந்தார். பில்டர் பஞ்சுக்குத் துணி சோப்பு. செடிகளுக்கு ஒட்ட முடிவெட்டு. குழாய்த் தண்ணீரைப் பிடித்த கையோடு ஊற்றியிருந்தார். குளோரின் போகட்டும் என்று நான் ஒருநாள் முழுக்க வாளியில் வைத்த பிறகுதான் ஊற்றுவேன். நத்தைகளைக் காணோம்.

"எங்கே?"

"தோட்டத்துல கொட்டிட்டேன். காக்கா எல்லாத்தையும் சுத்தமா முடிச்சிருச்சு. மேல்மண்ணை அள்ளினாத்தானே தேவி, சரக்கு தெரியும்? இப்பப் பாரு, மீன் எவ்வளவு பளிச்சுனு தெரியுது."

பழுப்பு நிலக்கரியின் மேலே கிடக்கும் மண்ணை வெட்டிக் கொட்டுகிற பிரிவில்தான் அவருக்கு ஆயுள் முழுக்க வேலை. மேலே இருப்பது எல்லாமே வேண்டாதது, தோண்டி எறிந்தால் அடியில் நல்லது இருக்கும் என்பது அவர் ரத்தத்தில் ஊறிய சட்டம். மீன்தொட்டிக்கும் அதே சட்டத்தைப் போட்டுவிட்டார். மீன்கள் பளிச்சென்று தெரிந்தது உண்மைதான். எல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலையில் பாதி மீன்கள் மிதந்தன. இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்கொயரியை ஆரம்பித்தார். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலே விசாரணை வைக்கிறவர், இத்தனை சாவுக்குச் சும்மா இருப்பாரா?

"கடைசியா தீனி போட்டது யாரு?"

"நீங்க."

"அதுக்கு முன்னாடி?"

"நான்."

"சம்பவம் நடக்கறப்ப நீ ஸ்பாட்ல இல்லை."

"திருவதிகையில இருந்தேன்."

அவர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். முடிவில், நத்தைகள் நீண்ட காலமாக மீன்களை உள்ளுக்குள் பலவீனப்படுத்தி வைத்திருந்தன, சுத்தமான தண்ணீர் வந்ததும் மீன்களால் தாங்க முடியவில்லை என்று கண்டறியப்பட்டது. குற்றவாளிகளைத்தான் காக்கை ஏற்கெனவே தின்றுவிட்டதே, மேல்முறையீட்டுக்கும் வழியில்லை.

ஆரஞ்சு வால் மீன் ஒரு மூலையில் சாய்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தவற்றை மட்டும் வாளியில் மொண்டு எடுத்துக்கொண்டு பிரபாவதி வீட்டுக்கு ஓடினேன்.

"இன்னாக்கா, இப்டி வாயப் பொளந்துகினு கெடக்குது?" என்று பதறியவள், கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "எங்க வூட்டுத் தொட்டியில வுடுங்கக்கா. நான் அதக் கழுவி எத்தினி காலம் ஆவுது."

அல்லி இலை மூடி, பச்சைப் பாசி படிந்து, நத்தைகள் மொய்த்துக் கிடந்தது அந்தச் சிமெண்ட் தொட்டி. அந்த அழுக்கைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அந்தத் தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் சேர்த்து, மீன்களைப் பழக்கி உள்ளே விட்டேன். ஆரஞ்சு வால் இலைக்கு அடியில் போய் மறைந்தது. பிழைக்குமா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு காலைக் காபி எனக்குப் பிரபாவதி வீட்டில்தான். இவர் காலித் தொட்டிக்கு விளக்குப் போட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார். பழைய சகா ராஜாங்கம் பார்க்க வந்தபோது பெருமையாகத் தொட்டியைக் காட்டினார்.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு சார்" என்ற ராஜாங்கம், குனிந்து நிமிர்ந்து தேடிவிட்டு, "மீனு எங்க சார்?" என்று கேட்டார்.

"வேற இடத்துக்கு டிரான்ஸ்பர்" என்றார் இவர்.

ஒரு காலையில் நான் கொல்லையில் இருந்தபோது அவரே வந்து நின்றார். அப்புறம், "நீயும் இங்க வந்துட்டா, காலையில எனக்கு அங்க என்ன வேலை தேவி?" என்றார். கேலி செய்ய நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் குரல் அத்தனை சின்னதாக இருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது.

"இங்க வாங்க. கை ரெண்டையும் பின்னால கட்டிக்குங்க. குனிஞ்சு பாருங்க."

கட்டிக்கொண்டு குனிந்தார். அல்லி இலை ஓரத்தில், சீரகம் சீரகமாக, கண் மட்டுமே தெரிகிற குட்டிகள். ஆரஞ்சு வால் இளைத்துப்போய், ஆனால் நிமிர்ந்து நீந்திக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு நேரம் எதையும் திருத்தாமல் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

"எவ்வளவு சின்னதா இருக்கு" என்றார் மெதுவாக. பிறகு, "தண்ணிதான் கொஞ்சம் கலங்கலா..." என்று இழுத்தார். பின்னால் கட்டியிருந்த வலது கை அவிழ்ந்து, பாசியை நோக்கி மெல்ல முன்னால் வந்தது.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். காபி கொண்டுவந்த பிரபாவதி அதைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுலயும் பாரேன்" என்று வெட்கப்பட்டுச் சிரித்தபடி டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். குட்டிகள் எல்லாம் இலைக்கு அடியில் போகும்வரை நான் பிடியை விடவில்லை.