நாற்பத்தொன்றாம் இதழ்

மகளின் நான்கு விநாடிகள் திரையில் ஓடி முடிந்தபோது அவர் குனிந்து, மடியில் இருந்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். முனையில் சின்ன விளக்கு எரியும் பேனா ஒன்றை இதற்கென்றே வாங்கியிருந்தார். 'கண்ணாடி மனிதன். இடது கை. ஐந்து விரல்!' ஆச்சரியக்குறி ஒன்று போதாதென்று இன்னொன்றும் போட்டு, அடியில் அழுத்திக் கோடிழுத்துவிட்டு நிமிர்ந்தார். பாலம் இடிந்து முடிந்திருந்தது. மழையும் ஓய்ந்திருந்தது. படத்தின் நாயகர்கள் எழுவரும் வேறெங்கோ வெயிலில் நின்று, அடித்துக்கொண்டே நையாண்டி பேசிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் இருந்த மனைவி முழங்கையால் இடித்தாள். "பார்த்தீங்களா? அதானே நம்ம பொண்ணுது?"

"எது?"

"மழைங்க. பாலம் விழுந்ததும் மழைல ஒரு சீன் வரும்னு சொன்னாளே."

"பார்த்தேன்" என்றார் அவர். அது வாயிலிருந்து தானாகவே வந்துவிட்டது.

ஒன்பது வயதிலிருந்து அவர் 'எழுவர்' என்கிற அந்தப் படக்கதையோடு வாழ்கிறார். முதல் இதழிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டாம் இதழ் வரை, ஒன்று விடாமல், பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டிகளில் வைத்திருக்கிறார். "என் நகைகூட இந்த வீட்ல இவ்வளவு பத்திரமா இல்ல" என்பாள் மனைவி. மாதம் ஒருமுறை டயர்க்கடை ஒன்றின் மாடியில் கூடும் பதினோரு வாசகர்களுக்கு அவர்தான் கடைசித் தீர்ப்பு. எந்த இதழில் எந்தக் கட்டத்தில் மேலங்கியின் மடிப்பு திசை மாறியது என்பது வரைக்கும் சொல்வார். அதனால் அங்கே அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வேலையும் அப்படித்தான் அமைந்தது. ஆஸ்பத்திரி லேபில் இருபத்தாறு வருடமாக நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்து, கண்ணாடிச் சில்லில் தடவிய ரத்தத்தில் அணுக்களை எண்ணுகிறவர். ஆயிரம் நல்லதுக்கு நடுவே ஒரு கெட்டது ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம்.

எழுவரில் மற்ற ஆறு பேரும் அவருக்குப் பெரிதில்லை. பறப்பார்கள், தூக்குவார்கள், நெருப்பைத் துப்புவார்கள். கண்ணாடி மனிதனுக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். உடைவான். உடைந்த பிறகு மற்றவர்கள் பொறுக்கி ஒட்டவேண்டும். நாற்பத்தொன்றாம் இதழில் அப்படி உடைந்தபோது இடது கைச் சுண்டுவிரல் கிடைக்கவில்லை. எழுவரும் இடிபாட்டுக்குள் அதைத் தேடுகிற ஒரு பக்கம் உண்டு. ஆறு கட்டங்கள். ஒரு வார்த்தை கிடையாது. கடைசிக் கட்டத்தில் இரும்புத்தோளி என்கிற பெண், அந்த விரலில்லாத கையைத் துணியால் சுற்றிக் கட்டுகிறாள். அதற்குப் பிறகு வந்த எல்லா இதழிலும் அவனுக்கு ஒன்பது விரல்தான். யாரும் அதைப் பற்றிப் பேசியதும் கிடையாது. ஒன்பது வயதில், ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே இருந்த வெள்ளை இடைவெளியையே அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தேடுகிறவர்கள் அங்கேதான் மூச்சு வாங்கியிருப்பார்கள் என்று தோன்றியது. மனிதர்கள் ஒன்றும் பேசாமல் ஒருவருக்கொருவர் எவ்வளவோ செய்துகொள்ள முடியும் என்று அவருக்குச் சொன்னது அந்தப் பக்கம்தான். பிற்பாடு வாழ்க்கையில் பேச வேண்டிய இடங்களிலும் அவர் பேசாமலே இருந்துவிட்டதற்கும் அதுவே காரணமோ என்னவோ.

படத்தில் இடைவெளியே இல்லை. கண்ணாடி மனிதன் உடைந்தான். கண் மூடித் திறப்பதற்குள் சில்லுகள் தாமாகவே பறந்துவந்து ஒட்டிக்கொண்டன. "இன்னிக்கு மூணாவது தடவை" என்று சொல்லிக் கண்ணடித்தான். தியேட்டரே சிரித்தது. யாரும் எதையும் தேடவில்லை. சொந்த வீட்டுச் சாவுக்குப் போன இடத்தில் யாரோ பாட்டுப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. அடுத்து அவன் கையை உயர்த்தியபோது ஐந்து விரல். அங்கேதான் அவர் குனிந்தார்.

வெளியே வந்ததும், மனைவி கழிவறைக்குப் போன நேரத்தில், பதினேழு குறைகளையும் வரிசையாகப் போனில் தட்டி வாசகர் குழுவுக்கு அனுப்பினார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார். 'இந்தப் படத்தில் எத்தனையோ நூறு பேர் வேலை செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடவா நாற்பத்தொன்றாம் இதழைப் படித்திருக்கவில்லை?'

"அடிச்சு நொறுக்கிட்டீங்க தலைவரே!" என்று டயர்க்கடைக்காரர் குரல் அனுப்பினார். "நாங்கள்லாம் கண்ணைத் திறந்துக்கிட்டுத் தூங்கியிருக்கோம்." கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. வீடு திரும்பும் வழியில் மனைவி அவர் போனை வாங்கிப் படித்துவிட்டு அந்தப் பட்டியலை மகளுக்கும் தள்ளிவிட்டாள், 'உங்கப்பா கிழிச்சுத் தொங்கவிட்டுட்டார் பாரு' என்று எழுதி. அவளுக்குப் பெருமைதான்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். அவள் இருப்பது வேறு ஊரில், படங்களின் பிம்பத்தைத் துப்புரவு செய்யும் ஒரு நிறுவனத்தில். பறக்கிற நடிகரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுப் படம் எடுத்திருப்பார்கள்; அந்தக் கம்பியை ஒவ்வொரு பிம்பமாக அழிப்பது அவள் வேலை. விநாடிக்கு இருபத்துநான்கு பிம்பம்; நான்கு விநாடி என்றால் தொண்ணூற்றாறு. "அழிக்கிறது பெருசில்லப்பா. அழிச்ச இடத்துல என்ன இருந்திருக்கும்னு வரையிறோம் பாருங்க, அதான் வேலை" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவர் ம் கொட்டிக் கேட்டுக்கொண்டார்.

"படம் எப்படிப்பா?"

"சத்தம் ஜாஸ்தி."

"பட்டியல் படிச்சேன். என்னோட ஷாட் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. கம்பி ஒண்ணுகூடத் தெரியல. சுத்தமா இருந்துச்சு."

"கம்பியா?"

"ஆமா. யாரும் கண்டுபிடிக்க முடியாது."

"வேற எதுவும் பார்க்கலையா?"

"மழை நல்லா இருந்துச்சு" என்றார்.

மறுமுனையில் அவள் மூச்சு கேட்டது. இத்தனை வருடத்தில் தந்தையும் மகளுமாக எத்தனையோ மௌனங்களைக் கடந்திருக்கிறார்கள். அவரைப் பொறுத்தவரை அவையெல்லாம் வசதியானவை. இது அப்படி இல்லை. "சரிப்பா. சாப்பிட்டுப் படுங்க" என்று வைத்துவிட்டாள்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"உங்க ஒண்ணுமில்லைய வச்சு ஒரு வீடே கட்டலாம்."

மறுநாள் காலை லேபில் ஒரே சில்லை மூன்று முறை எண்ணினார். நூறு அணுக்களை எண்ண வேண்டும். விரலடியில் எண்ணும் கருவி டிக் டிக் என்று சொல்லிக்கொண்டே வரும். மூன்று முறையும் அறுபதைத் தாண்டும்போது விட்டுப்போயிற்று. பார்க்காத சில்லுக்குக் கையெழுத்துப் போடக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அது. இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட அவர் அதை மீறியதில்லை. நேற்று மீறினார், அதுவும் பெற்ற பெண்ணிடம். சில்லைப் பக்கத்து மேசைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அரைநாள் விடுப்புத் தாளை நீட்டினார். ரிசப்ஷன் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், நீங்களா லீவு? உடம்பு சரியில்லையா?"

"கண்ணு சரியில்ல."

"ரத்தம் எடுத்துப் பார்த்துரலாமா?"

"என் ரத்தத்தை யாரும்மா எண்ணுவா?" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பதினோரு மணிக் காட்சி. நூற்றைம்பது நாற்காலிகளுக்கு நடுவே எட்டுப் பேர். பால்மணம் மாறாத குழந்தையோடு ஒரு பெண், பள்ளிக்கு மட்டம் போட்டவர்கள் நான்கு பேர், நன்றாகத் தூங்குவதற்கென்றே வந்த இருவர், அவர். நோட்டு வீட்டில் கிடந்தது. கையில் ஒன்றும் இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார்.

கண்ணாடி மனிதன் உடைந்தான், ஒட்டினான், கண்ணடித்தான். ஐந்து விரலோடு கையை உயர்த்தினான். அவர் கண் இமைக்கவில்லை. பாலம் சரிந்தது. மழை பிடித்தது. பாலத்தின் முறிந்த விளிம்பில் அவன் மெல்ல மேலெழுந்தான். இடது கை, மழையை நிறுத்தச் சொல்வதுபோல, முகத்துக்கு நேரே விரிந்தது.

நான்கு விரல்.

சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடத்தில் இருட்டும், தூரத்து விளக்கொன்றின் மங்கலும், சாய்வாக இறங்கும் மழைக்கோடுகளும் இருந்தன. விரல் முறிந்த இடத்தின் சின்ன மேட்டில் ஒரு துளி தங்கி, உருண்டு, உள்ளங்கை வழியாக ஓடியது. அதற்குள் வெயில் வந்துவிட்டது. எழுவரும் நையாண்டி பேசத் தொடங்கினார்கள். அவனுக்கு மறுபடி ஐந்து விரல்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் மகள் கூப்பிட்டு, "அப்பா, கண்ணாடி ஆளுக்கு விரல் போனது இடது கையா, வலது கையா? எந்த இடத்துல முறிஞ்சிருக்கும்?" என்று கேட்டிருந்தாள். இடது கை, இரண்டாவது கணு, நாற்பத்தொன்றாம் இதழ், பதினான்காம் பக்கம் என்று அவர் ஒரே மூச்சில் ஒப்பித்தார். மகள் தன்னிடம் இதைக் கேட்டாளே என்கிற சந்தோஷத்தில், எதற்குக் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பதை அவரிடமிருந்துதானே கற்றிருப்பாள். யாரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினாளோ, யாருக்கும் தெரியாமல் செய்தாளோ. தொண்ணூற்றாறு பிம்பம். ஒவ்வொன்றிலும் விரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மழையைத் துளித் துளியாக வைத்திருக்கிறாள். வைத்துவிட்டு, ஊரிலேயே அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆளுக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

மிச்சப் படத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. உலகம் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும். விளக்குகள் எரிந்தன. மற்றவர்கள் எழுந்து போனார்கள். திரையில் பெயர்கள் ஏறத் தொடங்கின. மூன்று வரிசையாக, எறும்புபோல் சின்னதாக, வேகமாக. போன மாதம் அவள் சொல்லியிருந்தாள், "எங்க ஆளுங்க பேரெல்லாம் போடுவாங்களான்னு தெரியலப்பா, பாதிப் பேரை விட்டுருவாங்க." அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்தால் தவறவிட்டுவிடுவோம் என்று தோன்றியது.

துடைப்பமும் முறமுமாக ஒரு அம்மா கடைசி வரிசையிலிருந்து பெருக்கிக்கொண்டு வந்தாள். "ஐயா, படம் முடிஞ்சிருச்சு. கடைசில ஒரு சீன் இருக்குன்னு எல்லாரும் உக்கார்றாங்க. நான் நாலு தடவை பார்த்துட்டேன், அதுல ஒண்ணுமே இல்ல."

"பேர் தேடுறேம்மா."

"யாரு பேரு?"

"என் பொண்ணு."

அந்த அம்மா துடைப்பத்தை நிறுத்தினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். "எந்தப் பக்கம் வரும்?"

"தெரியல. வருமான்னே தெரியல."

"எனக்கு வேகமா படிக்க வராது. முதல் எழுத்து என்னன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் முறத்தை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் வலப்பக்கம் பார்க்குறேன். நீங்க இடப்பக்கம் பாருங்க."

"நடுவுல?"

"நடுவுல ரெண்டு பேரும் பார்ப்போம்."

இருவரும் அண்ணாந்து நின்றார்கள். பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன. அந்த அம்மாவின் உதடுகள் ஒரே ஓர் எழுத்தைச் சத்தமில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. திரையின் வெளிச்சம் இரண்டு முகங்களின் மேலும் வரிவரியாக நகர்ந்து போயிற்று.