மெரின் வாசல் புல்

கையில் ரொட்டியோடு தெருமுனை திரும்பும்போதே மெரினுக்குப் புல்வெட்டி மெஷின் சத்தம் கேட்டது. நடையை எட்டிப் போட்டாள்.

வீட்டுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே இருக்கும் மண்திட்டு நகரக் கவுன்சிலுக்குச் சொந்தம். பராமரிப்பு மட்டும் வீட்டுக்காரர் தலையில். அடிலெய்டு நகரம் முழுக்க இதே கூத்துதான். ஆறு வருஷமாக மெரின் அதில் நாட்டுப்புல் வளர்த்தாள். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது. பிப்ரவரிக் கோடை வெயிலில் காய்ந்த மாதிரி நிற்குமே தவிரச் சாகாது. சாலையோரத் திட்டுகள் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு உதவுகின்றன என்று மதிப்பெண் போட இன்று கவுன்சில் ஆள் வருகிறார். நூற்றுக்கு அறுபது வந்தால் புல் பிழைக்கும். வராவிட்டால் தோண்டி ஜல்லி கொட்டிவிடுவார்கள்.

அந்தப் புல் இப்போது ஒட்ட வெட்டப்பட்டுக் கிடந்தது. பக்கத்து வீட்டு க்ளெம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"கவுன்சில்காரங்க வர்றாங்கல்ல? வாசல் பரட்டைத் தலையா இருந்தா நல்லாவா இருக்கும்? உனக்கும் சேத்து வெட்டிட்டேன்."

தன் வாசலை வெட்டும்போது பக்கத்து வாசலையும் வெட்டிவிடுவது அந்தத் தெருவில் அன்புக்கு அடையாளம். மெரின் இடுப்பு முறிந்து கிடந்த மாதங்களில் குப்பை வண்டி வரும் செவ்வாய் தவறாமல் அவள் குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனவனும் இவன்தான். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து ரொட்டியை வைக்க உள்ளே போய்விட்டாள்.

பத்து நிமிஷத்தில் கவுன்சில் பெண் யுவெட் வந்தாள். திட்டைச் சுற்றி நடந்து எழுதினாள்.

"அம்பத்தி நாலு. பெட்ரோல் மெஷின் வச்சு வெட்டினதுக்கு அஞ்சு கழிச்சாச்சு. ஆமா, வெட்டினது யாரு? உங்களக் கேக்காம வேற யாராவது வெட்டியிருந்தா சொல்லுங்க. அந்த ஆளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும், உங்களுக்கு ஆறு மாசம் தவணை கெடைக்கும்."

பக்கத்து வராந்தாவில் இருந்து க்ளெம் கையாட்டினான். மூன்று பேருக்கும் டீ போட்டிருந்தான், பாவி.

"நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றாள் மெரின். புல் போனது போனதுதான். ஆறு வருஷம்.

யுவெட் மண்ணின் ஈரம் பார்க்கக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. வெட்டிய புல்லுக்கு நடுவே விரல் நுழையும் அளவில் ஏழெட்டுத் துளைகள். வயிற்றில் நீலக் கோடு போட்ட காட்டுத்தேனீ ஒன்று வந்து ஒரு துளைக்குள் இறங்கியது.

"கூடு வச்சிருக்கு. இதுக்குத் தனியா பத்து மார்க் உண்டு. புல்லு ஒசரமா இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

டீ ஆறிக்கொண்டிருந்தது. க்ளெம் பொறுக்க மாட்டாமல் சாலைக்கே வந்துவிட்டான்.

"எவ்வளவு?"

"அறுபத்தி நாலு" என்றாள் மெரின்.

"பாத்தியா? நான் மட்டும் வெட்டலன்னா உன் வாசல் என்ன ஆயிருக்கும்?"

அவன் சொன்னது சத்தியமான உண்மை. மெரினுக்கு அதுதான் பொறுக்கவில்லை.