ஒன்றாம் எண் பாதை

"படி முடிஞ்சுட்டு. இனி மண்ணுதான்" என்று முத்துகிருஷ்ணன் மனைவியின் முழங்கையைப் பிடித்தார். சரோஜாதேவி செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் கால் வைத்தாள். காலை ஆறரை மணி. கோவளம் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் இருந்த அந்தக் காட்டேஜுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் தி. நகரிலிருந்து வந்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் ஜஹனாரா, தங்க வருகிறவர்களுக்கென்று அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்திருந்தாள். நடந்து பார்க்க மூன்று பாதைகள். முதலாவது கடலோரமாகவே மீனவர் குப்பம் வரை. அடுத்தது உப்பங்கழியைச் சுற்றி. கடைசி, பனங்காட்டு வழியாக ஏரிக்கரைக்கு. "கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சியா இருக்கும் சார்" என்று சொன்ன பிறகுதான் அவள் சரோஜாதேவியைச் சரியாகப் பார்த்தாள். டீ கொண்டு வருகிறேன் என்று அவசரமாக உள்ளே போய்விட்டாள்.

பாண்டி பஜார் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் முத்துகிருஷ்ணன் இருபத்தெட்டு வருஷமாகப் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். தென்காசியிலிருந்து கல்யாணமாகி வந்த வருஷமே சரோஜாதேவி கேட்டது இது. "மெரினாவுக்குப் போனா அது போய்ட்டு வாரது. நான் சொல்லுதது தங்குறது. காலைல எந்திரிச்சா வாசல்ல கடல் கெடக்கணும்." ஆடித் தள்ளுபடி, தீபாவளி, முகூர்த்த மாதங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போனது. போன புரட்டாசியில் ஒருநாள், கண்ணுக்குள் கறுப்பு நூல் பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். இடது கண் சர்க்கரையால் முன்பே மங்கிவிட்டது. இது நல்ல கண். "தீபாவளி கழியட்டும், போவோம்" என்றார் அவர். தீபாவளி கழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர், ஏன் அப்பவே வரல என்று மட்டும் கேட்டார். ஆபரேஷன் செய்தும், ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிற அளவுக்குத்தான் வெளிச்சம் மிஞ்சியது. சரோஜாதேவி அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். தை பிறந்ததும், கேட்ட உடனே முதலாளி லீவு கொடுத்தார்.

நடந்தபடியே அவர் கடலைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்குத் தெரிந்தது கடை பாஷைதான். "தூரத்துல ஆனந்தா நீலம். கரைக்கிட்ட வாரப்ப ராமர் பச்சை. நுரை விழுற எடம் அப்படியே வெள்ளிச் சரிகை." வழியில் பிளாஸ்டிக் தட்டுகளும் உடைந்த பாட்டில்களும் குவிந்து கிடந்தன. பேச்சை நிறுத்தாமலேயே அவளை வளைத்துக் கூட்டிப் போனார்.

குப்பத்துப் படகுகள் தெரிய ஆரம்பித்த இடத்தில் அவள் நின்றாள்.

"என்ன நாத்தம்?"

"கருவாடு காயப் போட்டுருக்காங்க."

"கருவாட்டு வாடை எனக்குத் தெரியாதா?"

ஓர் அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போயிற்று.

"நீலம் பச்சைன்னு சொல்லிட்டே வாரீங்க. நாலு தடவை என்னைய வளைச்சுக் கூட்டிட்டு வந்தீங்க. எதைச் சுத்தி வந்தோம்?" குரலை அவள் உயர்த்தவில்லை. "அழகா சொல்லாதீங்க. உள்ளதச் சொல்லுங்க. நீங்களும் மறைச்சா நான் எதத்தான் பாக்க?"

"ஆமை" என்றார். "பெருசு. செத்துக் கெடக்கு." அதற்குமேல் என்னென்னவோ சொல்ல நினைத்து, கடைசியில் வந்தது இதுதான்: "நாந்தான் தீபாவளி கழியட்டும்னேன், சரோஜா."

"ஆமா" என்றாள் அவள். "நீங்கதான் சொன்னீங்க."

அவள் அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. பரவாயில்லை என்பாள் என்றும் ஒரு கணம் நினைத்தார். அதையும் சொல்லவில்லை. அவர் கையிலிருந்து முழங்கையை உருவிக்கொண்டு, "எங்க கெடக்கு?" என்றாள்.

"ரெண்டடி. வலப் பக்கம்."

புடவையை ஒதுக்கிக்கொண்டு குந்தினாள். கை காற்றில் தேடி, ஓட்டில் பட்டது. விளிம்பு வரை தடவிக்கொண்டே போனாள்.

"பச்சையுமில்ல, சாம்பலுமில்ல" என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார். "ஈ மொய்க்கி. தலை மண்ணுக்குள்ள பொதைஞ்சிருக்கு. முன்னங்கால்ல நைலான் வலை சுத்திக் கெடக்கு. நல்லா இறுக்கி."

அவள் விரல்கள் அந்தக் காலைத் தேடிப் போயின. நைலான் இழையைத் தொட்டதும் நின்று, முடிச்சு எங்கே என்று நகத்தால் துழாவ ஆரம்பித்தன. அவர் குனிந்து கையை நீட்டினார். அவள் அதைத் தட்டிவிட்டாள். அலை ஏறி வந்து அவள் புடவையைத் தொடைவரை நனைத்தது. அவள் நகரவில்லை. முகத்தைக் கடலுக்கு நேராக உயர்த்தி வைத்துக்கொண்டு, கீழே ஒவ்வொரு இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.