மைக் மூடியிருக்கும்போது

நிலையத்தின் வரலாற்றை ஒரு மணி நேரத்திற்குள் அடக்கித் தர வேண்டும் என்று புதிய மேலாளர் சொன்னபோது, அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"விளம்பரத்தையும் சேர்த்தா, சேக்காமலா?"

"சேர்த்துத்தான் மேடம்."

"அப்போ முக்கால் மணி நேர வரலாறுன்னு சொல்லுங்க."

மேலாளராக வந்திருந்த பெண் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. இருட்டோடு எழுந்து வந்து, ஊர் வேலைக்குக் கிளம்புவதற்குள் சிரித்து முடித்துவிடுவது அவளுடைய தொழில். மைக்கிற்கு வெளியே செலவிட அவளிடம் சிரிப்பு மிச்சம் இருப்பதில்லை.

ஊரில் அவளுக்குப் பெயர் கிடையாது. அக்கா என்பதே பெயர். காலை நிகழ்ச்சியில் அவளுடன் பேசுபவன் தம்பி. உண்மையில் அவன் அவளுக்கு இரண்டு வயது மூத்தவன். தலையில் முடி பேருக்குத்தான் இருந்தது. நிலையம் தொடங்கிய புதிதில் முதலாளி இருவர் குரலையும் கேட்டுவிட்டு, "நீ அதட்டுறே, இவன் பம்முறான். நீ அக்கா, இவன் தம்பி" என்று முடிவுகட்டிவிட்டார். உறவு அத்துடன் நிலைத்துவிட்டது. காய்கறிக் கடையில் அவள் வாயைத் திறந்து தக்காளி விலை கேட்டால் போதும், "என்னக்கா, தம்பியக் கூட்டிட்டு வரலையா?" என்பார் கடைக்காரர். "அவனுக்குப் பை தூக்கத் தெம்பில்ல" என்பாள். கடையே சிரிக்கும்.

அந்தத் தம்பியோடு அவள் பேசி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன என்பது கடைக்காரருக்குத் தெரியாது.

மைக் திறந்திருந்தால் இருவரும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். பாட்டுத் தொடங்கி, கதவுக்கு மேலுள்ள சிவப்பு விளக்கு அணைந்த மறுகணம் அவள் ஜன்னலைப் பார்ப்பாள். அவன் கணினியைப் பார்ப்பான். அடுத்தது என்ன என்பதற்கு ஒரு விரல். சரி என்பதற்கு ஒரு தலையசைப்பு. நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். கழிப்பறைக் குழாய் ஒழுகுவது தெரிவதைப்போலத் தெரியும்; யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்போது நிலையம் கைமாறிவிட்டது. வாங்கிய நிறுவனத்திற்குப் பல ஊர்களில் நிலையங்கள் இருந்தன. இனிப் பாட்டும் பேச்சும் தலைமையகத்திலிருந்தே வந்து இறங்கும். காலை நிகழ்ச்சியை மட்டும் இங்கிருந்தே நடத்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் அக்காவும் தம்பியும் ஜோடியாக வந்தால்தான். தனித்தனியாக எவரும் வேண்டாம். வெள்ளிக்கிழமை, வரலாற்று நிகழ்ச்சி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு முடியவில்லை. அதை வேறு எப்படியும் அலங்கரித்துச் சொல்வதற்கில்லை. உடம்பு படுக்கையில் கிடக்க, குரலை மட்டும் எழுப்பி அனுப்பிவைப்பது போலத்தான் ஒவ்வொரு காலையும் இருந்தது. வீட்டில் சொன்னபோது கணவர் செய்தித்தாளை மடக்காமலே கேட்டார்.

"விட்டுட்டு வந்தா அப்புறம் யாரை அதட்டுவே?"

"அதான் நீங்க இருக்கீங்களே."

"அப்போ நல்லா யோசிச்சு முடிவு பண்ணு."

ஆனால் அவள் மாட்டேன் என்றால் தம்பியின் வேலையும் போகும். அவன் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து கேட்டிருந்தால் முகத்திலடித்தாற்போல் ஒரு பதிலாவது சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்? மைக் மூடியிருக்கும்போது அவர்களுக்குள் பேச்சில்லை. மைக் திறந்திருக்கும்போது கேட்கக்கூடிய கேள்வியும் அல்ல அது.

பழைய பதிவுகள் குளிரூட்டும் இயந்திரத்திற்குப் பின்னாலிருந்த சிற்றறையில் கிடந்தன. அவற்றைப் போட்டவர்களுக்கு ஆண்டு, மாதம் என்பவை பற்றிக் கேள்விஞானம்கூட இல்லை போலும். அக்கா முதல் இரண்டு நாளும் பெட்டிகளை வரிசைப்படுத்துவதிலேயே கழித்தாள். பிறகுதான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கத் தொடங்கினாள்.

வரலாறு டயர்க் கடையின் மாடியில் தொடங்கியது. முதலாளிக்குக் குளிர்சாதனப் பெட்டி வியாபாரம். பிறர் நிலையத்திற்கு விளம்பரம் கொடுத்துச் சலித்துப்போய், சொந்தமாகவே ஒன்றைத் தொடங்கினார். ஆகவே, அந்த அலைவரிசையில் முதலில் ஒலித்தது பாட்டன்று. குளிர்சாதனப் பெட்டியின் தள்ளுபடி அறிவிப்பு. அதற்குப் பின் வந்த முதல் பாட்டு எது என்று கேட்டால், அன்றைக்கு வேலையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பாட்டைச் சொல்வார்கள். கீழே டயரைச் சம்மட்டியால் அடிக்கும் சத்தம் மாடியிலிருந்த மைக்கில் விழும். அது தாளம் என்று நம்பி, "அந்தப் பாட்டத் திரும்பப் போடுங்க" என்று தொலைபேசியில் கேட்டவர்களும் உண்டு. பிறகு நல்ல காலம் வந்தது. காதலிப்பவர்கள் பாட்டின் மூலம் தூது விட்டார்கள். சண்டை போட்டவர்கள் பாட்டின் மூலமே பதிலும் சொன்னார்கள். மாடிப்படியில் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம் நின்றது. பிறகு கணினி வந்தது. நேயர்கள் கேட்ட பாட்டுகள் போய், அவர்கள் கேட்பார்கள் என்று கணக்கிடப்பட்ட பாட்டுகள் வந்தன. செய்தி வாசிப்பவர் போனார். வரவேற்பில் இருந்த பெண் போனாள். அவள் நாற்காலியில் பழைய அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்தன.

இத்தனையும் அக்காவுக்கு நினைவில் இருந்தனவே தவிர, பதிவில் பாதிதான் இருந்தது. காரணம், முதலாளியின் சிக்கனம். மைக்கின் பொத்தானை மேலே தள்ளினால் பதிவுக் கருவி ஓடும், இறக்கினால் நின்றுவிடும். "பாட்டக் கடையில வாங்கிக்கலாம். பேச்சத்தான் திரும்ப வாங்க முடியாது" என்று சொல்லி அப்படி இணைக்கச் செய்தார், கணினி வந்த பிறகும் அந்த இணைப்பை யாரும் மாற்றவில்லை. பாட்டு நிலையத்தின் வரலாற்றில் பாட்டே இல்லை. அதைவிட விந்தை, அவளும் தம்பியும் மனம் ஒத்திருந்த ஆண்டுகளுக்கும் ஒவ்வாத ஆண்டுகளுக்கும் பதிவில் கடுகளவு வேறுபாடும் இல்லை. ஊமையாய்க் கழிந்த நேரத்தையெல்லாம் கருவி விட்டுவிட்டிருந்தது. சிரிப்புக்குப் பின் சிரிப்பு, மேலும் சிரிப்பு. கேட்கக் கேட்க அவளுக்குத் தலை வலித்தது.

மூன்றாம் நாள், ஒன்பது ஆண்டுக்கு முந்தைய அந்த நாளின் பதிவு கைக்கு வந்தது.

அன்று அவள் நிலையத்திற்குப் போகவில்லை. விடிவதற்குமுன் அவள் அப்பா இறந்துபோயிருந்தார். செய்தியைத் தம்பிக்குச் சொல்லிவிட்டு, கூடத்தில் அப்பாவின் அருகே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு வானொலியில் அவளுடைய குரலே பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் ஏறவில்லை. துக்கத்துக்கு வந்த அத்தைதான் வாசலிலேயே நின்று கேட்டாள்: "ஏண்டி, பெத்தவன இங்க கிடத்திட்டு அங்க போய்ச் சிரிச்சிட்டா வர்றே?"

கணினியில் சேமித்து வைத்திருந்த அவள் சிரிப்பையும், "அடப் போடா"வையும், "அப்படியா சேதி"யையும் வெட்டி ஒட்டி, அவள் வந்திருப்பதைப்போலவே தம்பி நிகழ்ச்சியை நடத்தி முடித்திருந்தான். அவள் வராவிட்டால் முதலாளி வேறொருத்தியை உட்கார வைத்துவிடுவார், அவள் இடம் போய்விடும் என்று பயந்தானாம். "உங்க நல்லதுக்குத்தான்கா செஞ்சேன்" என்றான். வானொலிக்காரனைத் தவிர வேறெவனுக்கும் அப்படி ஒரு நல்லது தோன்றியிராது. சுற்றத்தார் நடுவே பட்ட அவமானத்தை அவள் அவனிடம் சொல்லவில்லை. "இனிமே மைக் மூடியிருந்தா எங்கிட்டப் பேசாதே" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பதிவை அவள் இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்டாள். தன் திருட்டுச் சிரிப்பு எங்கே வருகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அது வரவேயில்லை. அன்று அவள் குரல் நேரே கணினியிலிருந்து ஒலிபரப்பாகியிருந்தது. மைக் வழியே போனது அவன் குரல் மட்டுமே. ஆகவே கருவியில் அவன் ஒருவன்தான் இருந்தான்.

"என்னக்கா, இன்னிக்கு முகமெல்லாம் உம்முன்னு இருக்கு?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. "அப்படிப் போடுங்க!" என்று சிரித்தான். "சொல்லுங்கக்கா" என்றான். "அடேங்கப்பா!" என்றான். ஆளில்லாத அறையில், இல்லாத ஒருத்தியோடு மூன்று மணி நேரம் அப்படிப் பேசியிருந்தான். இடையில் ஓரிடத்தில் குரல் உடைந்து, இருமலாக மாற்றிக்கொண்டான். அவளுக்குத் தெரியாதா, எது இருமல் என்று?

அவள் ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றினாள். மனம் இளகிவிட்டது என்று சொல்ல முடியாது. இத்தனை ஆண்டு தூக்கிக்கொண்டிருந்ததை இனித் தூக்கக் கை வலித்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வரலாறு ஒலிபரப்பாயிற்று. டயர்க் கடை, தள்ளுபடி, சம்மட்டித் தாளம். இருவரும் வழக்கம்போல் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டார்கள். முதல் பாட்டுத் தொடங்கியது. சிவப்பு விளக்கு அணைந்தது. அக்கா ஜன்னலைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு நீ செஞ்சது தப்பு" என்றாள்.

தம்பி முதலில் விளக்கைப் பார்த்தான். அணைந்திருந்தது. மைக்கின் பொத்தானைப் பார்த்தான். இறங்கியிருந்தது. அதன் பிறகே அவளைப் பார்த்தான்.

"எங்கிட்டயா பேசுறீங்க?"

"இங்க வேற யாரு இருக்கா?"

"தப்புதான்கா."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"மைக் மூடியிருந்தாப் பேசாதேன்னு நீங்கதானே சொன்னீங்க. மைக்ல சொல்லலாம்னா, நடுவுல பற்பசை விளம்பரம் வருமே."

"சொன்னா அப்படியே கேட்டுடறதா? மனுஷன்னா ரெண்டாவது தடவை வந்து நிக்க மாட்டானா?"

"உங்ககிட்டயா? மொத தடவை வந்ததுக்கே இன்னும் காது வலிக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வரவிடவில்லை. பாட்டு முடிந்தது. வரலாற்றில் அடுத்த துண்டு, பிறகு அடுத்த பாட்டு. விளக்கு அணைந்ததும், ஆயத்தம் செய்துவைத்திருந்ததை அவள் ஒரே மூச்சில் சொன்னாள்.

"ஒரு வருஷம். உம் பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் நான் வரேன். அதுக்கு மேல ஒரு நாள்கூட இல்ல."

தம்பி காதைச் சொறிந்தான். மேசையைப் பார்த்தான்.

"நான் நேத்தே சொல்லிட்டேன்கா."

"என்னன்னு?"

"நாங்க வரலன்னு."

"நாங்களா?"

"நீங்க களைச்சுப் போயிட்டீங்க. எனக்குத் தெரியாதா? பக்கத்துலயே உக்காந்திருக்கேன். கொட்டாவிய எப்படி விழுங்குறீங்கங்கிற வரைக்கும் தெரியும். எனக்காகப் பாவம் பாத்துச் சரின்னு சொல்லிடுவீங்களோன்னுதான் முந்திக்கிட்டேன். எம் பொண்ணு இப்பவே மாலையில ஒரு கடையில நிக்குறா, எப்படியாவது சமாளிச்சுக்குவோம்."

"எனக்குப் பதிலா நீ பதில் சொல்லியிருக்கே."

"உங்க நல்லதுக்குத்தான்கா..."

"அன்னிக்கும் இதத்தானேடா சொன்னே!"

அந்த இரண்டும் ஒன்றுதான் என்பது அதுவரை அவனுக்குத் தோன்றவேயில்லை என்பதை அவன் முகம் காட்டியது. அந்த முகத்தின்மேல் கோபப்படவும் அலுப்பாக இருந்தது, கோபப்படாமலிருக்கவும் முடியவில்லை.

பாட்டு முடிந்துவிட்டதை இருவரும் கவனிக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து மேலாளர் கையை ஆட்டினாள். அக்கா பாய்ந்து பொத்தானைத் தள்ளி, வாயில் வந்ததைச் சொன்னாள். வந்தது மணி எத்தனை என்பது மட்டுமே. தம்பியும் அதே மணியைத் திரும்பச் சொன்னான். அடுத்த பாட்டை ஓடவிட்டு அவள் எழுந்து போனாள்.

மேலாளரின் அறையில் பிரிக்கப்படாத நாற்காலிகள் உறையோடு நின்றன. அக்கா உட்காரவில்லை.

"என் பதிலச் சொல்ல வந்தேன்."

"நேத்தே சார் சொல்லிட்டாரே மேடம், ரெண்டு பேருக்குமாச் சேர்த்து."

"அவர் சொன்னது அவரோட பதில். எங்கிட்ட நீங்க கேக்கவேயில்லையே."

மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்து, முறையாகவே கேட்டாள். "மன்னிச்சுக்குங்க மேடம். தொடர்ந்து நடத்தித் தர்றீங்களா?"

இத்தனை ஆண்டுகளில் அந்த அலைவரிசையில் நடந்தவற்றுள் எதைப் பற்றியாவது தன்னிடம் யாரேனும் இப்படிக் கேட்டதுண்டா என்று அக்கா எண்ணிப்பார்த்தாள். அக்கா என்று பெயர் வைத்தபோது கேட்கவில்லை. சிரிப்பை எடுத்தபோது கேட்கவில்லை. கேட்டுவிட்ட பிறகு, விடை எளிதாகத்தான் இருந்தது. சற்று முன் தம்பியிடம் கொடுத்த ஓராண்டை அவன் வேண்டாம் என்றுவிட்டான். திரும்பி வந்த அது அவளுடையது.

"இல்லம்மா. என்னால முடியல. எனக்குத் தூங்கணும்."

"சரி மேடம்."

"அவனுக்கு மட்டும் ஏதாவது..."

"ஜோடிதான் வேணும்ங்குறாங்க. நானும் கேட்டுப் பாத்தேன்."

அக்கா தலையசைத்தாள். ஒலிபரப்பு அறைக்குத் திரும்பி வர, நாலு எட்டு வைக்கும் தொலைவுதான். ஆனாலும் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். தம்பி எழுந்து நின்றான்.

"என்ன சொன்னீங்க?"

"வரலன்னு சொன்னேன்."

"நானும் அதத்தானே..."

"வாய மூடு. நீ சொன்னதும் நான் சொன்னதும் ஒண்ணாயிடுமா?"

"ஆகாதுக்கா."

"ஆகாதுன்னு இப்பத் தெரியுதா?"

"தெரியுது." கணினியைத் திரும்பிப் பார்த்தான். "பாட்டு முடிய ரெண்டு நிமிஷம் இருக்கு. திட்டறதுன்னா அதுக்குள்ள திட்டிடுங்க."

அக்கா நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால்களை நீட்டிக்கொண்டாள்.

"ரெண்டு நிமிஷம் பத்தாது" என்றாள். "அடுத்தது நீளமானதா ஒண்ணு எடுத்து வை."