முப்பதில் இருபது

நோர்வூட்டில் செல்லசாமியின் ஹார்ட்வெயார் கடை மேல்மாடி. வெள்ளிக்கிழமை, பிற்பகல் ஒரு மணி. வந்திருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைமாட்டில், உதைபந்தாட்டக் கழகத் தலைவர் என்ற முறையில், செல்லசாமி. அவருக்கு வலப்புறம் உபதலைவர் சிவசாமி. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர், சாய்வதற்கு வசதியாக நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். ஜன்னலோரம் அணித்தலைவனும் கோல் காப்பாளனுமான வினோஜன். மேசையின் கடைக்கோடியில், பதிவேட்டையும் கடிதத்தாளையும் விரித்துக்கொண்டு, செயலாளர் நாகலெட்சுமி. தலைமைப் பயிற்சியாளர் றிச்சர்ட் கதவருகே ஒரு பெயின்ட் வாளிமேல் உட்கார்ந்திருந்தார். ஒரு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. தன்னைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் மேசைக்கு வர அவருக்கு மனம் வரவில்லை.

றிச்சர்டின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. இரண்டு பருவங்களில் முடித்த ஆட்டங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தோற்றால், அவருடைய வேலை தானாகப் போய்விடும். கழகத்தை நடத்தும் கொழும்பு உரிமையாளர்கள் முழுப் பெறுபேற்றையும் நிர்வாகக் குழுவின் கையொப்பத்தோடு பதிவுத் தபாலில் கேட்டிருந்தார்கள். மூன்று மணிக்குள் தபாலில் சேர்க்க வேண்டும்.

நாகலெட்சுமி வாசித்தாள். "ஆட்டம் முப்பத்துநான்கு. வெற்றி ஆறு. சமநிலை நான்கு. தோல்வி இருபத்துநான்கு."

"முப்பத்திநாலு நாள் மலைக்குப் போயி எட்டுப் பேரு," என்றார் செல்லசாமி. "தோட்டமா இருந்தா தொரை எப்பவோ பத்துச்சீட்டு குடுத்து வேலைய விட்டு அனுப்பியிருப்பாரு கோச்."

"அனுப்பியிருப்பாருங்க," என்றார் றிச்சர்ட்.

எட்டுப் பேர் என்றது சிவசாமியின் கணக்கு. முதல் பருவத்தில் பதிவேடு எழுதியவர் அவர். நாற்பது வருடம் கொழுந்து நிறுத்து, ஒரு நாள் கூலிக்கு ஒரு பேர் என்று போட்ட கை. ஆட்டத்தையும் அப்படியே போட்டது. வென்றால் முழுப்பேர். சமநிலை என்றால் அரைப்பேர். தோற்றால் முட்டை. பின்னால் பதிவேட்டை ஏற்ற நாகலெட்சுமியும் அந்தக் கட்டங்களை மாற்றவில்லை.

முப்பத்துநான்கு ஆட்டத்துக்கும் அவள் போயிருந்தாள். முதல் ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினார்கள். அதே அணியிடம் போன கிழமை ஒன்றுக்குப் பூச்சியம், அதுவும் கடைசி நிமிடத்தில். இரண்டும் பதிவேட்டில் ஒரே முட்டைதான். தோற்ற அன்று றிச்சர்ட் முதலில் ஆட்டத்தை நடத்திய ரெப்ரிக்குக் கை கொடுப்பார். பிறகு கடைசி வீரன் ஏறும்வரை பஸ் ஸ்டாண்டில் நிற்பார். எத்தனை மழையானாலும் நிற்பார். அதற்கும் கட்டமில்லை. கட்டமில்லாததை எழுதுகிற பழக்கம் அவளுக்கும் இல்லை.

கடிதத்துக்காக ஒவ்வொரு வரியாகப் பிரதி எடுத்தபோது பேனா ஓரிடத்தில் நின்றது.

"ஐயா, இதுல ரெண்டுக்கு ஒண்ணுன்னு நம்மதான் முன்னுக்கு நிக்கிறோம். முட்டை போட்டிருக்கீங்க."

சிவசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "அது பனி எறங்கி நிப்பாட்டுன மெச்சும்மா."

"நிப்பாட்டுனா தோல்வியா?"

"பாதியில மலைய விட்டு எறங்குன ஆளுக்குப் பேரு உண்டா? எங்கயாச்சும் போடுவாங்களா?" அவருக்கு இதில் சந்தேகமே இல்லை.

"கணக்கப்புள்ள, ஒரு மனுசன முட்டையிலயே வச்சுப் பொரிக்கப் பாத்தீங்களே," என்றார் செல்லசாமி.

அவள் முதல் பருவத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். பனியால் நின்றவை ஐந்து. ஐந்துக்கும் முட்டை. நின்றுபோன ஆட்டம் கணக்கிலேயே சேராது என்பது போட்டி விதி. அவற்றைக் கழித்தாள். ஆட்டம் இருபத்தொன்பது, தோல்வி பத்தொன்பது. மூன்றில் இரண்டு பங்கு பத்தொன்பதைக் கொஞ்சம் தாண்டி வந்தது. இரண்டாம் தரமும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"சேர் தப்பிச்சிட்டாருங்க."

வினோஜன் சிரித்துவிட்டான். றிச்சர்ட் வாளியிலிருந்து எழுந்து வந்து, பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். ஐந்து வரிகளையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர் நாலாவதில் நின்றார்.

"இந்த மஸ்கெலியா மெச்சக் கழிக்காதீங்க. இது தோல்விதான்."

"பனி மெச்சுதானே?" என்றாள் நாகலெட்சுமி.

"பனிதான். ஆனா ரெப்ரி நிப்பாட்டல. நான்தான் டீம வெளிய கூட்டிட்டு வந்தேன். எறங்கிப் போன டீமு தோத்த டீமு. அது சட்டம்."

அன்று மைதானக் கரையில் நின்றவர்களுக்குக் கோல் கம்பமே தெரியவில்லை. ரெப்ரிதான் விசில் ஊதி முடித்தார் என்று அவளும் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

வினோஜன் புருவத்தின்மேல் இருந்த தையல் தழும்பைத் தடவினான். "எனக்குப் பந்து வந்ததே தெரியல. கம்பத்துல மோதி விழுந்தேன். சேர் ரெண்டு தடவ போய்க் கேட்டாரு. ஆடுங்கன்னு சொல்லிட்டாங்க. மூணாவது தடவ சேர் கேக்கல."



"சரி," என்றார் செல்லசாமி, குரலைத் தாழ்த்தி. "இந்த மாடிய விட்டு யாரு வெளிய சொல்லப் போறா? பனியோட பனியாப் போகட்டும்."

"அப்படி விட்டா, நாளைக்கிப் பந்து உள்ள போச்சா இல்லையான்னு நான் இவன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக் கேக்குறது முதலாளி?" என்று றிச்சர்ட் வினோஜனைக் காட்டினார்.

நாகலெட்சுமி ஒன்றைக் கூட்டினாள். ஆட்டம் முப்பது. தோல்வி இருபது. மூன்றில் இரண்டு பங்கு, சரியாக இருபது. கூடவுமில்லை, குறையவுமில்லை.

"கோட்டு மேலயே நிக்கிது," என்றார் சிவசாமி.

"கோட்டு மேல நின்னா கோல் இல்லைங்க ஐயா," என்றான் வினோஜன். "முழுசாத் தாண்டணும்."

"கொழும்புல அப்படிப் பார்ப்பாங்களா?" என்று கேட்ட செல்லசாமி கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டு மணி தாண்டியிருந்தது. அவள் புதிய தாளில் எழுதினாள். வெற்றி ஆறு, சமநிலை நான்கு, தோல்வி இருபது. அடியில், வழக்கம்போல, திருத்தங்களும் அவற்றைச் சொன்னவர்களும். பனியால் நின்ற நான்கு ஆட்டங்கள் நீக்கப்பட்டன, தகவல், உபதலைவர். மஸ்கெலியா ஆட்டத்தில் காயமடைந்த கோல் காப்பாளனுக்காக அணி வெளியேறியது, ஆகவே தோல்வி. தகவல், தலைமைப் பயிற்சியாளர்.

றிச்சர்ட் எட்டிப் பார்த்தார். "என்னைய எதுக்குங்க இதுல இழுக்குறீங்க? கணக்கு மட்டும் போதுமே."

"யாரு சொன்னாங்கன்னு போடாம நான் எந்தக் கடிதமும் அனுப்புறதில்லைங்க சேர்."

செல்லசாமி கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார். கையொப்பம் வைத்து, முத்திரை குத்தி, மை காயும்வரை தானே ஊதினார். பிறகு காலி நாற்காலியைக் காலால் தள்ளினார். "வாளிய விட்டு இதுல ஒக்காருங்க கோச். தேத்தண்ணி வருது."

தேநீருக்கு நாகலெட்சுமி நிற்கவில்லை. தபாற்கந்தோர் ஜன்னலில் தாளை மூன்றாக மடித்து உறையிலிட்டாள். உறையின் வாயைப் பசையால் ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தினாள். பதிவு இலக்கம் ஒட்டப்பட்டது. ஹட்டனுக்குப் போகும் தபால் பைக்குள் கடிதம் விழுவதைப் பார்த்த பிறகே பற்றுத்துண்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.