ஓஸ்மாரின் பட்டியலில் இல்லாத கெட்டில்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடுத்தவர் வண்டியில் அளவுக்கு மீறி மாத்தே என்ற கசப்புத் தேநீர் குடித்ததிலிருந்து வந்தது. குடித்தவள் நான்தான்.

பாவசங்கீர்த்தனத்தில் எங்கள் பங்குச் சாமியாரிடம் இதைச் சொன்னேன். "மாத்தே குடிக்கிறதெல்லாம் பாவத்துல சேராது, நீல்தா. அடுத்தது என்ன?" என்றார். அடுத்தது எதுவும் இல்லை. பாவமாகச் சேராததைக் கதையாகச் சேர்த்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "ஓஸ்மார் கர்வம் பிடித்த மனிதர்." அடித்துவிட்டேன். காரணம் பின்னால் வரும்.

இரண்டாவது: "நெஉகேன் மாநிலத்தின் வடகோடியில், மலையடிவார ஏரிக்கரையில் வீசும் காற்று" — காற்றைப் பிடித்துத் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் எந்தக் கதையும் முடியாது. அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாவது, எர்மினியா தூங்கும்போது மூச்சு நின்றுபோகும் என்பது. அதுவே சரியான இடம். அங்கிருந்து போகலாம்.

2.

எர்மினியாவுக்கு அறுபத்து மூன்று வயது. மூன்று வருடங்களுக்கு முன் மருத்துவர் ஒரு மெஷின் கொடுத்தார். இரவில் முகமூடி மாட்டிக்கொண்டால் அது மூச்சுக்குழாய் மூடாதபடி காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். மெஷின் இல்லாத இரவில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நீரில் மூழ்கியவளைப் போலத் திடுக்கிட்டு எழுவாள். ஆகவே அவளும் கணவரும் வீட்டு வண்டியில் ஊர்சுற்றும்போது பிளக் இருக்கிற முகாம்களில் மட்டுமே தங்கினார்கள். பக்கத்து வண்டிக்காரரின் தொலைக்காட்சி கேட்கும் முகாம்கள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஏரி. கம்பியும் கம்பமும் இல்லாத ஏரி. ஏழு இரவு.

அவள் கணவர் ஓஸ்மார், சிப்போலெத்தி பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் மின்வேலை பார்த்தவர். அவர்களுடைய வீட்டு வண்டி, ஒரு பழைய பள்ளிக்கூடப் பேருந்து. எட்டு மாதம் அதற்குள்ளேயே கிடந்தார். கூரையில் நான்கு சோலார் தகடுகள், வெயிலைப் பார்த்துச் சாய்த்துவைக்க அவரே பற்றவைத்த சட்டம். கனத்த பழைய பேட்டரிகளைத் தூக்கிவிட்டு லித்தியம் பேட்டரி. அதை வைக்க இடம் வேண்டுமென்று கேஸ் சிலிண்டர் பெட்டியைக் காலிசெய்தார். "இனிமே கேஸே வேண்டாம், எல்லாம் சூரியன்" என்றார். சுவருக்குள் ஆட்டுரோமம் அடைத்தார். கசிந்த தண்ணீர்த் தொட்டியை மூன்று முறை ஒட்டினார், நான்காம் முறை ஒட்டிக்கொண்டது.

அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார். ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்பு, விளக்கு, மின்விசிறி, கைப்பேசி இரண்டு, மூச்சு மெஷின். ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும் என்று பக்கத்தில் எழுதி, கூட்டி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். இரண்டு நாள் மேகம் வந்தாலும் தாங்கும்.

கிளம்பும் காலையில் எர்மினியா சொன்னாள்: "ஒரு ராத்திரி இந்த மெஷின் நின்னுச்சுன்னா வண்டிய வித்துடறோம். அப்புறம் ஏரி கீரின்னு நானும் பேச மாட்டேன், நீயும் பேசக்கூடாது."

"நிக்காது, கிழவி."

"நிக்காதுன்னா நல்லது. நின்னுச்சுன்னா விக்கிறோம்."

3.

இங்கே நிறுத்தி ஒரு சந்தேகத்தைச் சொல்ல வேண்டும்.

முதல் வரைவில் ஓஸ்மாரைக் கோமாளி ஆக்கியிருந்தேன். பட்டியலைப் பெருமையாகக் காட்டுவார், தவறிவிடுவார், வாசகர் சிரிப்பார். அவரிடம் படித்தும் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா என்னய முட்டாளாக்கிட்டே, நீல்தா. நான் கெட்டில மறந்தது முட்டாள்தனத்துல இல்ல. நீ சொல்லு, உன் வீட்டுக் கணக்குல மாத்தே எங்க இருக்கு?"

யோசித்தேன். என் கணக்கில் யெர்பா இலைத்தூளுக்கு ஒரு வரி இருக்கிறது. வெந்நீருக்கு எந்த வரியும் கிடையாது. எங்கள் ஜனங்கள் காலையில் கண்விழித்ததும், வேலைக்கு நடுவிலும், யாராவது வந்தாலும், வந்தவர் போனாலும் சுரைக்குடுக்கையில் வெந்நீர் ஊற்றி, ஒரே குழலில் சுற்றுக்குச் சுற்று உறிஞ்சுகிறவர்கள். எத்தனை முறை என்று கேட்பது, இன்று எத்தனை முறை கண்ணிமைத்தாய் என்று கேட்பதைப் போல.

(உலகத்தில் எவ்வளவோ பேர் பேருந்தை வீடாக்குகிறார்கள். சோறு சமைக்கும் அடுப்பைக்கூட மறக்கலாம். ஆனால் கரண்டு கெட்டில் ஒரு கருவி என்பதே தோன்றாமல் போவது எங்கள் ஆட்களுக்கு மட்டும் நடக்கும்.)

ஆகவே "கர்வம் பிடித்த மனிதர்" போய்விட்டது.

4.

ஏரிக்கரையில் நாங்கள் நான்கு வண்டிகள். ஓஸ்மாரின் பேருந்து. பள்ளிக்கூட டீச்சராக இருந்த என் சின்ன வேன். ஃபெரேய்ரா சகோதரிகள் இழுத்து வந்த கூண்டு வண்டி. மூத்தவள் ஒலிம்பியா, இளையவள் நேலி, இருவருமே பேச ஆரம்பித்தால் காற்று நின்று கேட்கும். நான்காவது, பாஸ்குவால். லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவியும் அவரும் சேர்ந்து வாங்கிய வண்டியில், அவள் இறந்து ஐந்து மாதம் கழித்து, தனியாக வந்திருந்தார்.

நான்காம் நாள், மாலை ஐந்து மணி. இரண்டு நாளாக மேகம். அன்று மதியம்தான் மலைப்பக்கம் வெளுக்கத் தொடங்கியது. நானும் பாஸ்குவாலும் பேருந்து வாசலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து குடுக்கைக்குக் காத்திருந்தோம். உள்ளேயிருந்து ஓஸ்மாரின் குரல்.

"கிழவி! யாரு என்னத்தப் போட்டது?"

"என்னத்தப் போடறது? ரேடியோகூடப் போடல."

"பேட்டரி இருபத்திரெண்டு சதவீதம் காட்டுது. காலைல நாப்பது!"

ஃபிரிட்ஜின் பின்புறம் கைவைத்துப் பார்த்தார். பம்பைப் பார்த்தார். மண்டியிட்டு மின்கம்பிகளின் ஒவ்வொரு முனையாக முறுக்கிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மேடைமேல் கெட்டில் கொதித்து, டக்கென்று தானாக அணைந்தது.

ஓஸ்மார் தலையை மட்டும் திருப்பினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"இது பட்டியல்ல இல்ல," என்றார்.

"எது?" என்றார் பாஸ்குவால் வாசலிலிருந்து.

"கெட்டில்."

"கெட்டில எதுக்குய்யா பட்டியல்ல போடணும்? மாத்தேக்குத்தானே?"

"ஒரு பிளாஸ்க் தண்ணி கொதிக்க எவ்வளவு இழுக்கும்னு தெரியுமாண்ணே? ஒரு நாளைக்குப் பத்து பிளாஸ்க் போயிருக்கு. ராத்திரி மெஷின் குடிக்கிறதப்போல மூணு பங்கு!"

பத்து என்ற எண்ணைக் கேட்டதும் நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டேன். பத்தில் குறைந்தது நான்கு என்னுடையது.

"எஞ்சினைக் கிளப்பி ஏத்திடலாமே?" என்றார் பாஸ்குவால்.

"எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் நடுவுல ஒரு பெட்டி வைக்கணும். புவேனோஸ் ஐரெஸ்லருந்து வரணும், வரல. நேராக் கொடுத்தா ரெண்டும் எரியும்."

"என் வண்டி பேட்டரியக் கழட்டித் தரேன்."

"வேணாம்ணே," என்றாள் எர்மினியா. பக்கத்து ஊரான சோஸ் மலால் தொண்ணூறு கிலோமீட்டர். அப்படிப்பட்ட இடத்தில் எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியைத் தொடுவதில்லை, தொடவிடுவதும் இல்லை. எங்களிடையே அது எழுதாத கட்டளை.

ஓஸ்மார் படியில் உட்கார்ந்தார். "கிளம்பிடலாம். இருட்டறதுக்குள்ள சோஸ் மலால் போயிடலாம். அங்க பிளக் இருக்கு."

எர்மினியா கைத்துணியை நான்காக மடித்தாள். இன்னொருமுறை மடித்தாள். "அப்ப, நின்ன மாதிரிதான். வண்டிய விக்கிறோம்," என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். கோபத்தோடு சொல்லியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

5.

இந்த இடத்தில் ஒரு எழுத்தாளர் மழையைக் கொண்டுவரலாம், அல்லது தூரத்தில் ஒரு வண்டியின் புழுதியைக் கிளப்பி, ஜெனரேட்டரோடு ஓர் அந்நியரை இறக்கலாம். நானும் எழுதிப் பார்த்தேன். "அப்போது மலைவளைவில் ஒரு விளக்கு" — யாரும் வரவில்லை. வந்தவர்கள் ஃபெரேய்ரா சகோதரிகள்தான், அதுவும் மாத்தே குடிக்க.

விஷயத்தைக் கேட்டதும் ஒலிம்பியா இடுப்பில் கைவைத்தாள். "ஃபிரிட்ஜை அணைச்சா என்ன?"

"உள்ள விலாக்கறி இருக்கு. சோரிசோ தொத்திறைச்சி இருக்கு. மூணு நாளைக்கு வாங்கினது, கெட்டுப்போகும்," என்றாள் எர்மினியா.

"எங்க அஞ்சு வாயையும் விட்டுட்டு எண்றியா? உன்னோட சேத்து ஆறு. விறகு எங்க?"

"ஒரே நாள்ல எப்படிடீ தின்பீங்க?"

"எங்க அப்பா சாவு வீட்ல நேலி தின்னத நீ பாக்கலையே."

"துக்கத்துலடீ தின்னேன்!" என்றாள் நேலி.

அடுத்த மூன்று மணி நேரத்தை எழுதத்தான் நான் இந்தக் கதையையே எழுதுகிறேன். பாஸ்குவால் முட்புதர் விறகு பொறுக்கினார். ஓஸ்மார் தணல் பரப்பினார், ஒவ்வொரு ஐந்து நிமிடமும் உள்ளே ஓடி எண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். "இருபத்தொண்ணு... இன்னும் இருபத்தொண்ணு..." "உக்காருய்யா, நீ பாக்கப் பாக்கத்தான் அது குறையுது!" என்று பாஸ்குவால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பால், தயிர், வெண்ணெய் என் கேஸ் ஃபிரிட்ஜுக்கு வந்தன. சீஸ் சகோதரிகளிடம் போனது. மற்றதெல்லாம் எங்களுக்குள் போனது. ஃபிரிட்ஜ் காலியாகி, கதவு திறந்து, அணைந்தது. பம்பு, விளக்கு, கைப்பேசி எல்லாவற்றின் சுவிட்சையும் ஓஸ்மார் இறக்கினார். மெஷினில் காற்றை ஈரமாக்கத் தண்ணீர் சுடவைக்கும் ஒரு கிண்ணம் உண்டு. அதைக் கழற்றினால் பாதி மிச்சம், தொண்டை மட்டும் வறளும். அதையும் கழற்றினார்.

காகிதமில்லாமல் மணலில் குச்சியால் கணக்குப் போட்டார். அவர் கணக்கில் பேட்டரி விடியற்காலை நாலரை வரைதான் வந்தது. வெயில் தகட்டில் விழ ஏழாகும்.

"மணல் கணக்கு," என்றாள் எர்மினியா. "காத்தடிச்சா மாறும்." எழுந்து கை கழுவப் போனாள். போகும்போது சொன்னாள்: "இன்னைக்குத் தங்கறோம்."

6.

வாசகரே, தெரியாமல் நடந்த தவறு, தெரிந்ததும் செய்த உதவி என்று இங்கேயே முடித்திருந்தால் கதை நேராக நின்றிருக்கும். ஆனால் தட்டுக் கழுவும்போது அவளிடம் நான் ஒன்று கேட்டுவிட்டேன்.

"உனக்குத் தெரியாதா, எர்மினியா? கெட்டில் போடறப்ப எண்ணு இறங்கறத நீ பாத்ததே இல்லியா?"

தட்டை மணலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டாம் நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"பாஸ்குவால் அண்ணன் காலைல தலைய வாரிட்டுக் குடுக்கையத் தூக்கிட்டு வந்து நிக்கிறாரு. அவர் வண்டில கேஸ் இல்லியா? இருக்கு. தண்ணி கொதிக்க வெக்கத் தெரியாதா? தெரியும். ஊத்திக் கொடுக்க ஆளில்ல. அவர்கிட்டப் போய், பேட்டரி இல்லண்ணே, நாளைக்கு வாங்கன்னு சொல்லச் சொல்றியா?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. என் வேன்ல கேஸ் இருக்கு, தண்ணி நான் கொதிக்க வெச்சுத் தந்திருப்பேன்."

"உன்கிட்டச் சொன்னா நீ கதை எழுதிடுவே."

எழுதிவிட்டேன். ஆனால் அவளை அன்று கடிந்தும்கொண்டேன், அதையும் எழுதுகிறேன். பிறருக்கு ஊற்றும் கை பிறரிடம் நீளவும் வேண்டும். தனக்கு வேண்டியதைக் கேட்காமல் இருப்பதும் ஒருவகையில் அடுத்தவருக்குக் கதவைச் சாத்துவதுதான். ஆண்டவர் ஐந்து பேரை ஒரே கரையில் கொண்டுவந்து நிறுத்தியது எல்லோரும் அவள் கையிலேயே குடித்துக்கொண்டிருக்க அல்லவே. இதைச் சொன்னதும் எர்மினியா ஈரக்கையால் என் கன்னத்தில் தட்டினாள். "பிரசங்கம் போதும், டீச்சர். தட்டத் தொடை."

7.

முடிவுகள்.

அ) விடியுமுன் மூன்றரைக்கு மெஷின் நின்றது. ஓஸ்மார் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் தலையணை முட்டுக்கொடுத்து, விடியும்வரை ஒவ்வொரு மூச்சாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆ) நிற்கவில்லை. காலையில் பேட்டரி பதினொன்று காட்டியது.

இ) சாமியாருக்குப் பிடிக்கும் முடிவு: பேட்டரி எண் இரவெல்லாம் இறங்கவே இல்லை. இதை எழுத எனக்குத் துணிவில்லை. ஆண்டவர் இதைவிடச் சின்ன வேலைகளையே அதிகம் செய்வார் என்பது என் அனுபவம்.

மூன்றையும் எர்மினியாவிடம் கொடுத்தேன். போன வாரம், பேருந்துப் படியில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தாள். (ஆமாம், அதே பேருந்து. விற்கவில்லை. அதை மறைப்பது என் நோக்கமில்லை.)

"அந்த எண்ண மட்டும் எழுதாதே," என்றாள்.

"ஏன்?"

"பதினொண்ணுன்னு போட்டா, பாரு, நல்லது செஞ்சாங்க, பலிச்சுதும்பாங்க. நின்னுபோச்சுன்னு போட்டா, ஐயோ, வீணாப்போச்சேம்பாங்க. ரெண்டும் தப்பு. நாங்க வண்டிய விக்காம இருந்தது அந்த எண்ணுக்காக இல்ல."

ஆகவே எண் இல்லை. நான் கண்டது மட்டும் இருக்கிறது.

ஐந்தாம் நாள், மலை விளிம்பு வெளுக்கிற நேரம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நான் வேனைவிட்டு வெளியே வந்தபோது ஒலிம்பியா இரவு உடைமேல் போஞ்சோக் கம்பளி போர்த்துக்கொண்டு பேருந்துப் பக்கம் நின்றிருந்தாள். நேலி அவள் தோளில் அரைத்தூக்கத்தில் சாய்ந்திருந்தாள். பாஸ்குவால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கதவைத் தட்ட ஒருவருக்கும் கை வரவில்லை. உள்ளே மெஷின் ஓடுகிறதா என்று காது கொடுத்தோம். காற்று, எதையும் கேட்கவிடவில்லை. நான் ஜெபமாலையில் இரண்டாவது மணிக்கு வந்திருந்தேன்.

முதல் வெயில் கூரைத் தகட்டில் விழுந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் ஓஸ்மார் ஏதோ ஒரு எண்ணைச் சொன்னார். உடனே எர்மினியா சிரித்தாள். வறண்ட தொண்டையோடு, இருமி, மறுபடி சிரித்தாள். பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். வண்டியே லேசாக ஆடியது. வெளியே நாங்கள் நால்வரும் எதற்கு என்று தெரியாமலே சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவர் சொன்ன எண் ______. உங்களுக்குச் சரியென்று படுவதை நிரப்பிக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் அந்தச் சிரிப்பில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றப்போவதில்லை.